ராதாபினோத் பாலின் மாறுபட்ட தீர்ப்பு

மத்திகிரியில் கொலை செய்தவன் அத்திப்பள்ளியைத் தாண்டினாலும் கொலைகாரன்தான். இரு மாநிலத்துக்கும் மேலே ஒரு சட்டம் இருக்கிறது. நாடுகளுக்கு மேலே அப்படி என்ன இருக்கிறது? டோக்கியோ போர்க்குற்ற விசாரணையின் 11 நீதிபதிகளில் ஒருவரான ராதாபினோத் பால் 1948இல் எழுப்பிய கேள்வி இதுவே. நான்கிங் கொடுமைகளை அவர் மறுக்கவில்லை. ஜெயித்தவன் பின்னால் எழுதிக்கொண்ட சட்டத்தால் தோற்றவனைத் தண்டிக்க முடியாது என்றார். 25 பேரையும் விடுவிக்கச் சொன்னார். அணுகுண்டு போட்டவனுக்குக் கூண்டில்லாததை நீதிபதி ஆசனத்திலிருந்தே சுட்டினார்.

இதை ஆசிய மனத்தின் எதிர்ப்புக்குரல் என்று கொண்டாடுகிறோம். சரிதான், ஆனால் பாதி வாசிப்பு. உலகச் சமூகம் உருவாகாதவரை அரசுக்கு மேல் நீதியில்லை என்ற தர்க்கம் பலவீனமான நாட்டைக் காக்கிறது. அந்த நாட்டுக்குள் பலவீனமானவனைக் கைவிடுகிறது. முள்ளிவாய்க்கால் முடிந்து பத்து நாள் ஆவதற்குள், 2009 மே 27 அன்று, ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சில் உள்விவகாரத்தில் தலையிடாமையை வலியுறுத்தி, இலங்கையைப் பாராட்டியே தீர்மானம் போட்டது. ஆதரவு 29, எதிர்ப்பு 12. பாலை டோக்கியோவுக்கு அனுப்பிய இந்தியா அந்த 29இல்.

ரோம் சாசனத்தில் இலங்கை சேரவில்லை, இந்தியாவும்தான். வழக்கு நடக்கக் கொழும்பே சம்மதிக்க வேண்டும், இல்லையேல் பாதுகாப்புச் சபை அனுப்ப வேண்டும். அங்கே வீட்டோ வைத்திருக்கும் ஐந்து நாடுகளும், இரண்டின் பெயர்ப்பலகை மாறியிருந்தாலும், டோக்கியோவுக்கு நீதிபதி அனுப்பியவைதான்.