சிக்கனம் வேறு, கருமித்தனம் வேறு

சுவிட்சர்லாந்தின் ஷீர்ஸ் ஊரிலிருந்து ஷூடர்ஸ் என்னும் மலைக் குக்கிராமத்துக்குச் செல்லும் வழியில், ஆழமான பள்ளத்தாக்கின் குறுக்கே நிற்கிறது சால்கினாடோபெல் பாலம். இதன் அழகைப் புகழ்ந்தோர் பலர். வாசகர்களே, நாம் இதன் சிக்கனத்தை எடைபோட்டுப் பார்ப்போம்.

1930-இல் முடிந்த இப்பாலத்தின் வளைவு 90 மீட்டர் இடைவெளியைத் தாண்டுகிறது. போட்டிக்கு வந்த 19 திட்டங்களுள் ராபர்ட் மயாரின் இத்திட்டமே செலவு குறைந்தது. எப்படி?

வளைவின் இரு முனைகளிலும் உச்சியிலும் கீல்கள் உள்ளன. வெயிலில் கான்கிரீட் நீண்டால் உச்சி சற்றே உயரும்; உள்ளே தகைவு தோன்றாது. கீல் சுழன்று கொடுப்பதால் அங்கே வளைக்கும் விளைவு சுழியாகிவிடும். பாலத்தின் ஒரு பாதியில் மட்டும் வண்டி நின்றால், அந்த விளைவு ஏறக்குறைய அப்பாதியின் நடுவில்தான் மிகுதி. எனவே வளைவு அங்கே தடித்தும் கீல்களில் மெலிந்தும் இருக்கிறது. பொருள் குறைந்தது; வலிமை குறையவில்லை.

இத்தகைய பள்ளத்தாக்கில் மரச்சாரமே பெருஞ்செலவு. ரிச்சர்ட் கோரே அமைத்த சாரம் வளைவின் மெல்லிய அடிப்பலகையை மட்டும் தாங்கினால் போதுமானதாக இருந்தது. அது இறுகியபின், மேலே வந்த சுவர்களின் சுமையைத் தாங்க அதுவே உதவியது. இதுவன்றோ சிக்கனம்!

குறை எங்கே? கம்பிகளை மூடிய கான்கிரீட் மெல்லியது; நீர்த்தடுப்பும் போதவில்லை. மழைநீரும் உறைபனியும் மெல்ல அரித்தன. 1997-98-இல் மேற்பரப்பைச் சுரண்டிப் புதுக் கான்கிரீட் பூச வேண்டியதாயிற்று.

1901-இல் தாம் கட்டிய சுவோஸ் பாலத்தின் பக்கச் சுவர்களில், தாங்குமிடங்களுக்கு அருகே விரிசல் கண்டவர் மயார். 1905-இல் கட்டிய தவனாசா பாலத்தில் அப்பகுதியையே நீக்கிவிட்டார். விசையால் வந்த தவறு சில ஆண்டுகளில் தெரிந்தது, திருத்த முடிந்தது. நீர் செய்யும் தீங்கோ பல பத்தாண்டுகள் கழித்தே தெரியும். விசைக் கணக்கில் அதற்கு இடமில்லை.

கம்பி துருப்பிடிப்பது பற்றி இன்றுள்ள அறிவு அன்று இல்லை. ஆகவே மயாரைக் கருமி என்பது நியாயமன்று. ஆனால் ‘செலவு குறைவு’ என்று ஒரு திட்டத்தை உங்களிடம் காட்டினால், ஒன்று கேளுங்கள்: விசை இல்லாத இடத்தில் பொருளைக் குறைத்தார்களா, தீங்கு தாமதமாக வரும் இடத்தில் குறைத்தார்களா? முன்னது சிக்கனம். பின்னதை அறிந்தே இன்று செய்தால், அது கருமித்தனம். அதற்கான செலவை நம் பிள்ளைகள் செலுத்துவார்கள்.