அவள் தூங்கும்போது அவன் என்ன செய்கிறான்?

ஆடி அமாவாசைக்கு ஏரலில் எங்கள் வீடு கொள்ளாத அளவுக்கு உறவினர்கள் வந்துவிடுவார்கள். சேர்மன் அருணாசல சுவாமி கோயில் தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. விடியுமுன் ஆற்றில் குளித்துவிட்டு ஈரப் புடவையோடு திரும்புகிறவர்களுக்குக் காப்பி ஆற்றுவதிலேயே பெண்களின் காலைப்பொழுது போய்விடும். போன ஆண்டு அந்த இரைச்சலுக்கு நடுவில் என் அக்கா மகள் மாடிப்படியில் உட்கார்ந்து அலைபேசியில் எதையோ படித்துக்கொண்டிருந்தாள். தூத்துக்குடியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறவள்.

“என்னட்டி படிக்க?”

“சூனியக்காரி கதை சித்தி. அவள எரிக்கதுக்குன்னே வளத்துவிட்ட ஒருத்தன அவ விரும்புதா.”

“வெளங்கும் போ. எரிக்க வந்தவனையா?”

“கடைசில அவளுக்காக அவன் ஆளுவளயே விட்டுட்டு வந்துருவான் சித்தி.”

அந்தக் கடைசி வாக்கியத்தை அப்போது நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. எனக்கு எரிச்சல்தான் வந்தது. அதற்கு என் காரணம் ஒன்று இருந்தது.

1990களின் பிற்பகுதியில் நான் பன்னிரண்டாம் வகுப்புப் படித்தபோது ஒருவன் தினமும் பேருந்தில் என் பின்னாலேயே வந்தான். நான் முறைத்தேன். முறைத்தால் நின்றுவிடுவான் என்று நினைத்தேன். என் தோழிகளோ, “மொறைக்கதுதான் மொதப்படி, நீ சினிமா பாக்கலையா?” என்று சிரித்தார்கள். நாங்கள் எல்லோரும் சினிமா பார்த்தவர்கள்தாம். ‘பட்டிக்காடா பட்டணமா’ (1972) தொடங்கி ‘மன்னன்’ (1992) வரை, திமிர் பிடித்தவள் என்று பெயரெடுத்த பெண்ணின் வெறுப்பு காதலாகக் கனிவதைக் கைதட்டிப் பார்த்தவர்கள். வாடகை நூலகத்தில் எடுத்த குடும்ப நாவல்களிலும் முதல் அத்தியாயத்தில் கடுகடுக்கிறவன்தான் கடைசி அத்தியாயத்தில் கணவன். ஆகவே என் வெறுப்பை வெறுப்பு என்று யாரும் நம்பவில்லை. விஷயம் வீட்டுக்குத் தெரிந்ததும் என்னைத்தான் மாமா வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் ஆசைப்பட்ட பாடமும் ஆசைப்பட்ட கல்லூரியும் போயின. அவன் அதே பேருந்தில் போய்க்கொண்டிருந்தான்.

1998இல் சென்னையில் சரிகா ஷா இறந்த பிறகுதான் தமிழ்நாட்டுக்கு ஈவ்டீசிங் தடைச் சட்டம் வந்தது. ஒரு பெண்ணைப் பின்தொடர்வது தனிக் குற்றமாக இந்தியச் சட்டத்தில் ஏறியது 2013இல். ‘எதிரியாகத் தொடங்கிக் காதலாக முடியும் கதை’ என்றாலே எனக்கு அந்தப் பேருந்துதான் நினைவுக்கு வரும். பெண்ணின் ‘வேண்டாம்’ என்ற சொல்லை ‘இன்னும் கொஞ்சம் முயற்சி செய்’ என்று மொழிபெயர்த்துக் கொடுக்கும் கதை அது.

இதை அவளிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ஒங்க பஸ்ல ஒங்க கையில என்ன இருந்துச்சி சித்தி?” என்று கேட்டாள். “இந்தக் கதைல அவளுக்கு மந்திரம் தெரியும். அவன் அவளப் பாத்துப் பயப்படுதான்.”

அந்தக் கேள்விதான் என்னைப் படிக்க வைத்தது.

அவள் படித்துக்கொண்டிருந்தது ஷெல்பி மஹுரினின் ‘செர்பென்ட் அண்ட் டவ்’ (2019). திருடியாக ஒளிந்து வாழும் சூனியக்காரி லூ. தேவாலயத்தின் சூனியக்காரி வேட்டைப் படைக்குத் தலைவன் ரீட். சூழ்நிலை இருவரையும் திருமணத்தில் தள்ளுகிறது. தன் மனைவி யார் என்று அவனுக்குத் தெரியாது. அடுத்து லீ பார்டூகோவின் ‘சிக்ஸ் ஆஃப் குரோஸ்’ (2015) படித்தேன். அதில் நீனாவுக்கு மனித உடலையே கட்டுப்படுத்தும் ஆற்றல் உண்டு. அவளைப் போன்றவர்களைப் பிடித்து விசாரணை மன்றத்துக்கு இழுத்துப்போகும் படையில் வளர்ந்தவன் மத்தியாஸ். கப்பல் உடைகிறது. பனிக்காட்டில் பிழைத்துக் கிடக்க இருவரும் ஒருவர் உடல் சூட்டை ஒருவர் நம்ப வேண்டியிருக்கிறது.

படித்து முடித்ததும் என் தவறு புரிந்தது. பேருந்தில் வந்தவனுக்கு நான் எதிரியே இல்லை, இரை. எதிரி என்றால் எதிரில் நிற்கத் தெரிய வேண்டும், திருப்பி அடிக்க முடிய வேண்டும். இந்த நாவல்கள் பெண்ணின் கையில் முதலில் ஆற்றலைக் கொடுத்துவிட்டு, அதன் பிறகே காதலைப் பற்றிப் பேசுகின்றன. பொண்ணு பார்க்க வருகிறவன் முன் காப்பித் தட்டோடு தலைகுனிந்து நிற்கப் பழக்கப்பட்ட பெண்களுக்கு, தன்னைக் கண்டு அஞ்சி, தன்னை எடைபோட்டு, தன் கண்ணைப் பார்த்துப் பேசும் ஓர் ஆண் எவ்வளவு பெரிய கனவு என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் இது அமெரிக்காவிலிருந்து நேற்று வந்து இறங்கிய கனவு அல்ல. நம்மிடம் அல்லி இருக்கிறாள்.

புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும், பெரிய எழுத்துப் பதிப்புகளாகச் சந்தைகளில் விற்ற ‘அல்லி அரசாணி மாலை’யில் அவள் மதுரையை ஆளும் பாண்டிய அரசி. ஆண் வாடையே ஆகாதவள். அவளைச் சுற்றிப் பெண்களின் படை. அவள்மீது ஆசை வைத்த அர்ஜுனனால் நேரில் நின்று வெல்ல முடியவில்லை. கிருஷ்ணன் பாம்பாட்டியாகிறான், அர்ஜுனன் பாம்பாகிறான். அழகான பாம்பு என்று அவள் அதைத் தன் பள்ளியறைக்குக் கொண்டுபோகிறாள். அவள் தூங்கும்போது அவன் தாலி கட்டிவிடுகிறான். விழித்தவள் கொதிக்கிறாள், போருக்கு எழுகிறாள். முடிவில் கழுத்தில் ஏறிவிட்ட தாலிக்குக் கட்டுப்படுகிறாள். இதைக் கேட்டு வளர்ந்த நம் ஊரில், மனைவி சொல் நடக்கும் வீட்டைக் கேலி செய்ய ‘அல்லி ராஜ்யம்’ என்று சொல்கிறார்கள். அவள் ஆண்டதுதான் கேலியாகியிருக்கிறது, அவன் பாம்பாகப் புகுந்தது இல்லை. அதற்குப் பிறகு வரும் ‘பவளக்கொடி மாலை’யில், மகன் புலந்திரனுக்குப் பவளத்தேர் தேடப் போன அர்ஜுனன் பவளக்கொடியையும் மணந்துகொள்கிறான்.

மீனாட்சி கதையும் அதே மதுரையில்தான். திசையெல்லாம் வென்று கயிலை வரை படை நடத்திய தடாதகை, எதிரே நின்ற சிவனைக் கண்டதும் நாணித் தலைகுனிகிறாள். மூன்றாவது முலை மறைகிறது. சித்திரைத் திருவிழாவில் ஒரு நாள் திக்குவிஜயம், மறுநாள் திருக்கல்யாணம். போர்க்களத்திலிருந்து மணவறைக்கு ஒரே இரவு. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் இதைத் தோல்வியாகச் சொல்லவில்லை, நிறைவாகச் சொல்கிறது. ஆனாலும் காதல் வந்த கணத்தில் உடல் மாறியது அவளுக்குத்தான், அவனுக்கு இல்லை.

மூன்றாவது கதை எங்கள் ஊர்ப்பக்கத்துக் கதை. இசக்கி, இசக்கியம்மாள், இசக்கிமுத்து என்று தெருவுக்கு ஒருவர் பெயர் கொண்ட நாடு இது. கைக்குழந்தையோடு ஊரோரத்தில் நிற்கும் அந்த அம்மனின் கதையை வில்லுப்பாட்டில் கேட்டவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். பழையனூர் நீலி, கள்ளியங்காட்டு நீலி என்று ஊருக்கு ஊர் பெயரும் நிகழ்ச்சியும் மாறினாலும் நடு எலும்பு ஒன்றுதான். நம்பிக் கூட வந்த பெண் அவன் மடியில் தலைவைத்துத் தூங்குகிறாள். நகைக்காக அவன் அவள் தலையில் கல்லைப் போட்டுக் கொல்கிறான். அவள் பேயாகத் திரும்பி வருகிறாள். கள்ளிக் கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்ப் பெரியவர்கள் முன்னால் அவனைத் தன் கணவன் என்கிறாள். அழுகிறாள். பெரியவர்கள் நம்பி, இருவரையும் ஒரே வீட்டில் தங்க வைக்கிறார்கள். விடியும்போது அவன் பிணம். இந்தக் கதையிலிருந்தும் மொழி ஒரு சொல்லை எடுத்துக்கொண்டது: ‘நீலிக் கண்ணீர்’. கொலையானவளின் கண்ணீர் போலிக் கண்ணீருக்குப் பெயராகிவிட்டது.

இந்தக் கதைகளை அடுக்கிப் பார்த்தால் ஒரு கணக்கு தெரிகிறது. நம் மரபு பெண்ணுக்கு ஆற்றலைத் தராமல் இல்லை. திருமணத்துக்கு முன் தரும், அல்லியைப் போல, தடாதகையைப் போல. செத்த பிறகு தரும், இசக்கியைப் போல. கண்ணகிக்குக்கூடக் கோவலன் இறந்த பிறகுதான் சினம் வாய்க்கிறது. உயிரோடு, காதலிக்கப்பட்டு, அதே நேரத்தில் ஆற்றலும் குறையாமல் வாழும் பெண்ணுக்கு இடம் மிகக் குறைவு. அந்தக் காலி இடத்தில்தான் லூவும் நீனாவும் வந்து உட்கார்கிறார்கள். 2025இல் ‘லோகா’ திரைப்படம் கள்ளியங்காட்டு நீலியை மீட்பவளாக மாற்றிக் காட்டியபோது பெண் பிள்ளைகள் கூட்டமாகப் போய்ப் பார்த்ததும் இதே பசியால்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் கவனியுங்கள். அல்லி தோற்றது தூக்கத்தில். இசக்கி இறந்தது தூக்கத்தில். விழித்திருக்கும்போது அவர்களை ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆகவே பகைவன் காதலனாகும் எந்தக் கதையைப் படித்தாலும் நான் இப்போது ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்கிறேன்: அவள் தூங்கும்போது அவன் என்ன செய்கிறான்? பனிக்காட்டில் நீனா எதிரியின் பக்கத்தில் தூங்கி, உயிரோடு விழிக்கிறாள். அந்த நாவலின் காதல் முத்தத்தில் தொடங்கவில்லை, அந்த விடியலில் தொடங்குகிறது. சினிமாவில் அடங்காத நாயகிக்கு இந்த விடியல் கிடைக்கவில்லை. ‘மன்னன்’ முடியும்போது தொழிற்சாலையை நடத்தியவள் நிர்வாகத்தைக் கணவனிடம் விட்டுவிட்டு வீட்டுப் பெண்ணாகிறாள். மாறியது அவள் மட்டுமே. நல்ல சூனியக்காரிக் கதையில் மாற வேண்டியவன் வேட்டைக்காரன்.

இவ்வளவு சொல்லிவிட்டு இந்த நாவல்களை அப்படியே வாழ்த்திவிட்டுப் போக மனம் வரவில்லை. சூனியக்காரி என்பது நம் நாட்டில் வெறும் உருவகம் அல்ல. சூனியக்காரி என்று முத்திரை குத்திப் பெண்களை அடித்து விரட்டுவதையும் கொல்வதையும் தடுக்கப் பீகார் 1999இல் சட்டம் இயற்றியது. ஜார்க்கண்ட், ஒடிசா, ராஜஸ்தான், அசாம் என்று அது தொடர்ந்தது. அந்தப் பெண்களில் பலர் கைம்பெண்கள், பலர் ஆதிவாசிகள், பலர் பேரில் ஒரு துண்டு நிலம் இருந்தது. அசாமின் பிருபாலா ராபாவும் ஜார்க்கண்டின் சுட்னி மஹதோவும் இதை எதிர்த்தே வாழ்நாளைச் செலவிட்டார்கள். 2021இல் இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அவர்கள் காப்பாற்றிய பெண்களிடம் மந்திரம் இருக்கவில்லை. வேட்டையாட வந்தவர்களில் யாரும் மனம் மாறிக் காதலனாகவும் இல்லை. வேட்டைக்காரன் அழகனாகவும் உள்ளுக்குள் காயப்பட்டவனாகவும் இருந்தால், அவன் முன்பு எரித்த பெண்களை வாசகி மறந்துவிடுகிறாள். ரீடின் கைகளில் பழைய சாவுகள் இருக்கின்றன. அவை லூவின் மன்னிப்பால் மட்டும் கழுவப்படக் கூடியவையா? நாவல் இந்தக் கேள்வியை வேகமாகக் கடந்துவிடுகிறது.

பார்டூகோ கடக்கவில்லை. அடுத்த நூலான ‘குரூக்கட் கிங்டம்’ (2016) முடியும் முன் மத்தியாஸ் சுடப்பட்டு இறக்கிறான். சுடுகிறவன், அவன் வளர்ந்த அதே படையில் வளரும் ஒரு சிறுவன். என் அக்கா மகள் அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். ஒருவன் மாறிவிட்டான், அவனைச் செய்த பட்டறை மாறவில்லை. காதலால் முடிவது எது, முடியாதது எது என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன இளையோர் நாவலை நான் வேறு படித்ததில்லை.

அவள் ஏன் அப்படி அழுதாள் என்பது எனக்குத் தெரியும். 2025 ஜூலையில் எங்கள் ஏரலுக்குப் பக்கத்தில் உள்ள ஆறுமுகமங்கலத்தைச் சேர்ந்த, பட்டியல் சாதியில் பிறந்த ஓர் இளம் பொறியாளர் பாளையங்கோட்டையில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவரோடு பழகிய பெண்ணின் சகோதரர் கைதானார். எங்கள் ஊரில் இது எல்லா வீட்டிலும் பேசப்பட்டது. பேசப்பட்டது என்பதைவிட, பெண் பிள்ளைகள் அறைக்குள் வந்ததும் பேச்சு நிறுத்தப்பட்டது என்பதே சரி. இங்கே காதலர்கள் எதிரிகளாகத் தொடங்குவதில்லை. அவர்கள் பழகியபின் சாதி வந்து, நீங்கள் எதிரிகள் என்று அறிவிக்கிறது. பிறகு ஒருவன் கையில் அரிவாளைக் கொடுக்கிறது.

அப்போதுதான் மாடிப்படியில் அவள் முதலில் சொன்ன வாக்கியம் எனக்குக் கேட்டது: ‘அவளுக்காக அவன் ஆளுவளயே விட்டுட்டு வந்துருவான்.’ அவளை இந்தக் கதைகளில் இழுப்பது எதிரியின் முரட்டுத்தனம் என்று நான் நினைத்திருந்தேன். அவள் தேடியது வேறு. கொல்லப் பழக்கப்பட்டவன், கொல்லச் சொல்லி ஊரும் உறவும் பின்னால் நிற்கும்போது, ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டுத் தன் ஆட்களுக்கு எதிராகத் திரும்புகிற அந்த ஒரு காட்சி. அந்தக் காட்சியில் வருகிறவன் காதலனாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அண்ணனாக, அப்பாவாக, மாமாவாக இருந்தாலும் போதும். நம் ஊரில் அந்தக் காட்சி நடப்பது அரிதாக இருப்பதால்தான் அவள் அதைப் புத்தகத்தில் திரும்பத் திரும்பப் படிக்கிறாள்.

ஆகவே, தோழிகளே, உங்கள் வீட்டுப் பெண் இப்படி ஒரு நாவலோடு உட்கார்ந்திருந்தால் பிடுங்கி வைக்காதீர்கள். நீங்களும் படியுங்கள். படித்துவிட்டு அவளோடு பேசுங்கள். முதலில் ஆயுதம் யார் கையில் இருந்தது, காதலுக்காக யார் எதை இழந்தார்கள், அவள் தூங்கும்போது அவன் என்ன செய்தான் என்று கேளுங்கள். அவளுடைய பதில்களில் உங்கள் வீட்டைப் பற்றிய செய்தியும் இருக்கலாம்.

அன்று இரவு உறவினர்கள் எல்லோரும் கிளம்பிய பிறகு அவள் இசக்கி கதையை முழுதாகச் சொல்லச் சொன்னாள். ஆச்சி எனக்குச் சொன்னபடியே சொன்னேன். பெரியவர்கள் அவனைச் சமாதானப்படுத்தி அந்த வீட்டுக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தும் இடம் வந்தபோது அவள் கேட்டாள்: “அவ செத்தப்ப இந்தப் பெரியவங்கள்லாம் எங்க இருந்தாவ சித்தி?”

ஆச்சியிடம் நான் அதைக் கேட்டதே இல்லை.