மரக்கால் யார் கையில்? 'கற்றல் விளைவு' என்னும் பிரதியை முன்வைத்து

வேளச்சேரி ரயில் நிலையத்துக்குப் பின்னால் நாங்கள் சில தோழர்கள் சேர்ந்து ஒரு மாலைப் படிப்பகம் நடத்துகிறோம். அங்கே உதவிக்கு வருகிற தங்கச்சி ஒருத்தி. குடும்பம் அடையாற்றங்கரையில் இருந்தது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அள்ளிக்கொண்டு போய்ப் பெரும்பாக்கம் அடுக்குமாடியில் போட்டுவிட்டார்கள். அம்மா காய்கறித் தள்ளுவண்டி. வீட்டில் முதல் பட்டதாரி இவள்தான். இப்போது எம்.பி.ஏ. கடைசிப் பருவம். ஒருநாள் நாலு தாளைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள்.

"இதுல எல்லாத்துக்கும் அஞ்சு போட்டுக் குடுக்கணுமாம்ணா. அப்பத்தான் நோ டியூஸ்ல கையெழுத்தாம். என்னா எழுதியிருக்குன்னே புரியல. நீங்க எம்.ஏ. தானே, படிச்சுச் சொல்லுங்க."

தமிழ் எம்.ஏ.காரனிடம் கொடுக்கிற வேலையா இது? ஆனாலும் படித்தேன். இலக்கணம் படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்த வாக்கியத்தைக் கண்டாலும் எழுவாய் எது என்று தேடுவான். இந்தத் தாள்களில் எழுவாயே இல்லை. பகுத்தாராயும் திறன், மதிப்பீடுகள் சார்ந்த தலைமை, குழுவாகச் செயல்படும் ஆற்றல் என்று வரிசையாகத் திறன்கள் நிற்கின்றன. யாருடைய திறன், எந்த ஊரிலிருந்து வந்தவருடையது, எந்த மொழியில் படித்தவருடையது என்று ஒரு சொல் கிடையாது. சாதி இல்லாத, தெரு இல்லாத, வயிறு இல்லாத ஒரு 'மாணவர்' மட்டும் இருக்கிறார். கதையில் இப்படி ஒரு பாத்திரம் வந்தால் நம் விமர்சகர்கள் சும்மா விடுவார்களா? ஒரு பல்கலைக்கழகத் துறையே இப்படி எழுதினால் யாரும் வாசிப்பதுகூட இல்லை. அதனால்தான் இதை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இந்தப் பிரதி எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேசிய அங்கீகார வாரியம் 1994இல் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் கீழே தொடங்கப்பட்டது. பொறியியலுக்கான வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014இல் முழு உறுப்பு ஆயிற்று. 'விளைவு சார்ந்த கல்வி' என்ற பேச்சு கல்லூரிக்குக் கல்லூரி நுழைந்தது அதையொட்டித்தான். எம்.பி.ஏ.வுக்கு வாரியம் ஐந்து திட்ட விளைவுகளை வகுத்தது. 2018க்குப் பிறகு பல்கலைக்கழக மானியக் குழுவும் கலை, அறிவியல் பாடங்களுக்கு இதையே சொல்லத் தொடங்கியது. இப்போது சங்க இலக்கியம் நடத்துகிற தமிழ் வாத்தியாரும் தன் பாடத்துக்கு ஐந்து விளைவு எழுதி, கே1 முதல் கே6 வரை முத்திரை குத்தியாக வேண்டும்.

அந்தக் கே-க்களின் மூலவர் பெஞ்சமின் ப்ளூம் என்ற அமெரிக்கக் கல்வியாளர். நினைவில் வைத்தல், புரிதல், பயன்படுத்தல் என்று மேலே ஏறும் படிக்கட்டை 1956இல் அவரும் கூட்டாளிகளும் அமைத்தார்கள். அதே ப்ளூம் 1968இல் இன்னொன்றும் சொன்னார்: போதிய நேரமும் உதவியும் கொடுத்தால் பெரும்பாலான மாணவர்கள் எதையும் நன்றாகக் கற்றுவிடுவார்கள், தேங்குவது பிள்ளையின் குறையல்ல. நம் கல்லூரிகள் ஏணியை மட்டும் எடுத்துக்கொண்டன. நேரமும் உதவியும் எந்தக் கோப்பிலும் இல்லை.

சரி, எப்படி அளக்கிறார்கள்? வினாத்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் இது எந்த விளைவைச் சோதிக்கிறது என்று எண் போடுகிறார்கள். இலக்கு ஒன்று வைக்கிறார்கள். வகுப்பில் இத்தனை சதவீதம் பேர் இலக்கைத் தொட்டால் மட்டம் மூன்று, அதற்குக் குறைந்தால் இரண்டு, இன்னும் குறைந்தால் ஒன்று. இந்த நேரடி மதிப்பீட்டோடு, மாணவர்கள் நிரப்பும் கருத்துத் தாளை 'மறைமுக மதிப்பீடு' என்று ஒரு பங்கு சேர்த்துக் கடைசியில் ஒரு தசம எண் வரும். என் தங்கச்சி அஞ்சு அஞ்சாகப் போட வேண்டியது அந்த மறைமுகத்துக்குத்தான்.

அறுபது பேர் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். எழுபது சதவீதம் பேர் தொட்டால் மட்டம் மூன்று என்பது விதி. நாற்பத்தைந்து பேர் தொட்டுவிட்டார்கள், எழுபத்தைந்து சதவீதம். மட்டம் மூன்று. விளைவு அடையப்பட்டது. கோப்பு மூடப்பட்டது. ஆய்வுக் குழு வந்து பார்த்து டீ குடித்துவிட்டுப் போய்விடும்.

மிச்சம் பதினைந்து பேர் யார்?

அந்தத் தாளில் இதற்குப் பதில் இல்லை. பதினைந்தில் பன்னிரண்டு பேர் அரசுப் பள்ளியில் தமிழில் படித்துவிட்டு வந்தவர்களாக இருந்தாலும் மட்டம் மூன்றுதான். பதினைந்து பேரும் சேரிப் பிள்ளைகளாகவே இருந்தாலும் மட்டம் மூன்றுதான். சராசரிக்குள் நம்மைப் புதைத்து மேலே ஒரு தசம எண்ணை நட்டுவிடலாம். கல்லூரியிடம் விவரம் இல்லையா? சேர்க்கையின்போதே சாதிச் சான்றிதழ் வாங்குகிறது. உதவித்தொகைக்கு வருமானச் சான்றிதழ் வாங்குகிறது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு எந்த மொழியில் என்பதும் அதன் கையில் இருக்கிறது. 2016 முதல் வெளிவரும் தேசியத் தரவரிசைக்கும் சமூகரீதியில் பின்தங்கியவர் எத்தனை பேர் என்று எண்ணித்தான் அனுப்புகிறார்கள். அதே படிவத்தில் வேலைக்குப் போனவர்களின் இடைநிலைச் சம்பளமும் உண்டு. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் கட்டம்தான் இல்லை. வாரியத்தின் இரண்டாவது திட்ட விளைவு, தரவின் அடிப்படையில் முடிவெடுக்கும் திறன். பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுக்கிற துறை தன் பிள்ளைகளைப் பற்றிய தரவைத் திறக்காது!

எங்க ஆயா மதுராந்தகம் பக்கம் கூலி வேலை செய்தவள். ஆண்டை வீட்டில் ரெண்டு மரக்கால் இருக்கும் என்பாள். கூலி அளக்கிறது ஒன்று, கொடுத்த கடனைத் திருப்பி வாங்குகிறது இன்னொன்று. பார்க்க ரெண்டும் ஒன்றுபோலத்தான் இருக்குமாம்.

இரண்டாவது மரக்காலை நான் அந்த நாலு தாளில் கடைசித் தாளில் கண்டேன். கருத்தரங்க உரைக்கு மதிப்பெண் போடும் அட்டவணை. பாட அறிவுக்கு ஒரு பங்கு. மிச்சமெல்லாம் உச்சரிப்பு, உடல்மொழி, கண்ணைப் பார்த்துப் பேசுதல், தோற்றப் பொலிவு. கண்ணைப் பார்த்துப் பேசுதல்! எங்கள் ஊரில் என் அப்பா ஒருமுறை மணியக்காரரைக் கண்ணெடுத்துப் பார்த்துப் பதில் சொன்னார் என்பதற்காக 'திமிரு புடிச்சவன்' என்று பேர் வாங்கி மூன்று மாதம் வேலையில்லாமல் இருந்தார். பார்வையைத் தாழ்த்தப் பல தலைமுறை பயிற்சி கொடுத்தார்கள். இப்போது பார்வை தாழ்ந்திருக்கிறது என்று ஐந்துக்கு இரண்டு போடுகிறார்கள். பயிற்சி கொடுத்தவனுக்கு யார் மதிப்பெண் போடுவது?

குழு வேலை என்று ஒன்று உண்டு. ஐந்தாவது திட்ட விளைவு, குழுவில் இணைந்து தன்னையும் பிறரையும் வழிநடத்தும் திறன். தங்கச்சியிடம் கேட்டேன். "எக்செல்லு, டைப்பிங்கு, பிரின்ட் அவுட்டு எல்லாம் எங்கிட்டண்ணா. மேடையில பேசுறது அவங்க. உனக்கு இங்கிலீஷ் சரியா வராதுல்லன்னு நல்லாத்தான் சொல்வாங்க." மதிப்பெண் மேடைக்குத்தான். தோட்டத்து வேலை ஒருவருக்கு, திண்ணைப் பேச்சு இன்னொருவருக்கு என்ற ஊர் ஏற்பாடு குளிர்பதன அறைக்குள் வந்து குழு மனப்பான்மை என்று பெயர் மாற்றிக்கொண்டது.

இவளுக்கு விஷயம் தெரியாதா? ஒரு சனிக்கிழமை படிப்பகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். தண்டல் வாங்கும் பெண்கள் சிலர் வந்திருந்தார்கள். கையில் எட்டாயிரத்து ஐந்நூறு கொடுப்பான், நூறு நாள் தினம் நூறு ரூபாய் கட்ட வேண்டும். ஆயிரத்து ஐந்நூறுதானே வட்டி, பரவாயில்லை என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இவள் கரும்பலகையில் கட்டம் போட்டாள். "அக்கா, முதல் நாளே அசல்ல இருந்து திருப்பிக் குடுக்க ஆரம்பிச்சிட்ற இல்ல? அம்பதாவது நாள் பாதிப் பணம்கூட உங்கிட்ட இல்ல. ஆனா வட்டி முழுசுக்கும் கட்ற." வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது என்று காட்டினாள். ஒரு அக்கா வாயில் கை வைத்துக்கொண்டாள். நிதி மேலாண்மைப் பாடத்தின் சாரமே இதுதான். ப்ளூமின் ஏணியில் பகுத்தாய்தல், மதிப்பிடுதல் என்று மேல்படிகள். அதே நிதி மேலாண்மையில் அவளுக்கு வகுப்பில் இலக்கைத் தொட முடியவில்லை. கேள்வி ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கதையாக வந்தது. கதை முடிவதற்குள் நேரம் முடிந்தது. அவளுக்குத் தெரிந்ததை அள்ளுகிற பாத்திரம் அந்தத் துறையிடம் இல்லை. கோயம்பேட்டிலும் ரிச்சி தெருவிலும் கோடிக்கணக்கில் வியாபாரம் தமிழில் நடந்துகொண்டிருக்கிறது என்பதும் அவர்களுடைய தொடர்பாற்றல் அட்டவணைக்குத் தெரியாது.

இது புதுக் கூத்து ஒன்றும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தில் பள்ளிகளுக்குத் தேர்வு முடிவைப் பார்த்து மானியம் கொடுத்தார்கள். இங்கிலாந்தில் 1862இல் கொண்டுவந்த ஏற்பாட்டின் சாயல் அது. தேறும் பிள்ளைக்குக் காசு என்றால் பள்ளி எந்தப் பிள்ளையைத் தேடும்? இங்கே பக்கத்தில் ஊரூரில் 1894இல் ஆல்காட் பஞ்சமர் பள்ளி தொடங்க வேண்டியிருந்தது எதற்காக என்பதை இதோடு சேர்த்து யோசியுங்கள்.

பாபாசாகேப் இதை 1927லேயே பிடித்துவிட்டார். பம்பாய்ப் பல்கலைக்கழகச் சட்டத் திருத்தத்தின் மீதான விவாதத்தில், தேர்வு வேறு கல்வி வேறு என்றார். தரத்தை உயர்த்துகிறோம் என்ற பெயரில் தேர்வைக் கடுமையாக்கி, இதுவரை பல்கலைக்கழக வாசலை மிதிக்காத சமூகங்களை வெளியே நிறுத்துகிறீர்கள் என்பது அவர் வாதம். அவருக்கு வணிகக் கல்லூரி அனுபவமும் உண்டு. 1918இல் பம்பாய் சிடன்ஹாம் வணிகக் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியராகச் சேர்ந்தார். மாணவர்கள் அவர் பாடத்தை விரும்பிக் கேட்டார்கள். பேராசிரியர்களுக்கு இருந்த தண்ணீர்ப் பானையில் அவர் குடிப்பதைச் சக பேராசிரியர்கள் எதிர்த்தார்கள். அந்தப் பேராசிரியர்களின் 'மதிப்பீடுகள் சார்ந்த தலைமை' என்ன மட்டம்? மூன்றா, ஒன்றா?

படித்து முடித்து வெளியே போனால் இன்னொரு மரக்கால் காத்திருக்கிறது. சுக்தேவ் தோரட்டும் பால் அட்டுவெல்லும் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். செய்தித்தாள் விளம்பரங்களைப் பார்த்துத் தனியார் நிறுவனங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை அனுப்பினார்கள். வித்தியாசம் பெயரில் மட்டும்தான். அழைப்பு வருவதற்கு மேல்சாதிப் பெயருக்கு இருந்த வாய்ப்பில் மூன்றில் இரண்டு பங்கு அளவுதான் தலித் பெயருக்கு இருந்தது, முஸ்லிம் பெயருக்கு அதைவிடக் குறைவு. அதே ஆண்டு அஷ்வினி தேஷ்பாண்டேயும் கேத்ரின் நியூமனும் தில்லியில் உள்ள பல்கலைக்கழகங்களின் மாணவர்களிடம் பேசி எழுதியதில், நேர்காணலில் 'குடும்பப் பின்னணி என்ன' என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. ஆயிரம் பெரிய நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களைப் பார்த்த 2012 ஆய்வு ஒன்றில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் முன்னேறிய சாதியார், பட்டியல் சாதியும் பழங்குடியும் சேர்ந்து நான்கு சதவீதம்கூட இல்லை. இந்த ஆய்வுகளை எம்.பி.ஏ. மனிதவளப் பாடத்தில் வைத்தால் என்ன? தங்கச்சியின் பாடத்திட்டத்தில் தேடினேன். ஊக்குவிப்புக் கோட்பாடுகள் ஏழெட்டு இருந்தன. சாதி என்ற சொல் இல்லை.

இதையெல்லாம் படிப்பகத்தில் பேசியபோது தோழர்கள் சிலர், அளவையே நிராகரிக்க வேண்டும் என்றார்கள். அளத்தல் என்பதே அதிகாரத்தின் மொழி, அது நம்மை எண்ணாக்குகிறது என்பது அவர்கள் வாதம். கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. எண்ணிக்கை இல்லாமல் நாம் எதை வாங்கினோம்? வகுப்புவாரி ஆணையிலிருந்து 2009இல் அருந்ததியருக்குக் கிடைத்த மூன்று சதவீத உள்ஒதுக்கீடு வரை எண்ணிக்கை காட்டித்தான் கேட்டோம். அளக்காதே என்று சொன்னால் அவர்களுக்குச் சந்தோஷம்தான், பதினைந்து பேர் கணக்கு நிரந்தரமாக மறைந்துவிடும். என் கேள்வி, மரக்கால் யார் கையில், எந்தப் பக்கம் திருப்பி அளக்கிறார்கள் என்பதுதான். முதல் தலைமுறை, பள்ளியில் படித்த மொழி, பட்டியல் சாதி, பழங்குடி என்று பிரித்து ஒவ்வொரு விளைவுக்கும் கணக்கை வெளியிடு. இடைவெளி இருந்தால் அதைப் பிள்ளையின் கணக்கில் எழுதாதே, துறையின் கணக்கில் எழுது. விளைவுக் கல்வியின் சொந்தச் சட்டப்படியே, குறைந்தால் மாற்ற வேண்டியது பாடம் நடத்தும் முறையைத்தானே?

இதை நான் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது தங்கச்சி குறுக்கே பேசினாள். "அண்ணா, எங்க கிளாஸ்ல எஸ்.சி. நாங்க மூணு பேருதான். தனியாப் பிரிச்சுப் போட்டீங்கன்னா அது கணக்கு இல்ல, எங்க பேரு."

எனக்கு வாயடைத்துப் போயிற்று. இரவெல்லாம் யோசித்தும் முழுப் பதில் கிடைக்கவில்லை. ஒரு வகுப்பாகப் பிரிக்காமல், பல்கலைக்கழகம் முழுக்க, மூன்று நான்கு ஆண்டைச் சேர்த்து வெளியிடலாம். அப்போது யாரையும் சுட்டாது. ஆனால் அவளுடைய வகுப்பில், அவளுடைய பருவத்தில் என்ன நடந்தது என்பது மறுபடியும் அந்தப் பெரிய கணக்குக்குள் கரைந்துவிடும். மூன்று பேரும் சம்மதித்தால் மட்டும் வகுப்புக் கணக்கைத் துறைக்குள் பார்க்கலாம் என்றாள் அவளே. சம்மதம் கேட்கும் இடத்தில் இருப்பவர்கள் யார் என்றேன். சிரித்தாள்.

கருத்துத் தாளை மறுநாள் கொடுத்தாக வேண்டும். எல்லாவற்றுக்கும் அஞ்சு போட்டாள். கையெழுத்து வேணும், நிதித்துறை நோ டியூஸ் வேணும், வேலை வேணும். கடைசியில் 'பிற கருத்துகள்' என்று ரெண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். அதில் தண்டல் கணக்கைத் தமிழில் எழுதி, இதற்கு எந்த விளைவு என்று கேட்டிருக்கிறாள். துறைத் தலைவர் இன்னும் கூப்பிடவில்லையாம்.