கோப்பையில் ஒட்டிய மரபணு

‘சிஎஸ்ஐ’ தொடரின் ஐந்தாம் பருவம் 2005 மே 19 அன்று ‘கிரேவ் டேஞ்சர்’ என்ற இரட்டை அத்தியாயத்தோடு முடிந்தது. இயக்கியவர் குவென்டின் டரான்டினோ, மூலக்கதையும் அவருடையது. லாஸ் வேகாஸ் தடயவியல் ஆய்வகத்தின் நிக் ஸ்டோக்ஸ், தடயம் சேகரிக்கப் போன இடத்தில் கடத்தப்பட்டு, உள்ளே இருப்பது வெளியே தெரியும் சவப்பெட்டியில் உயிரோடு புதைக்கப்படுகிறான். பெட்டிக்குள் ஒரு துப்பாக்கி, ஒரு ஒலிப்பதிவுக் கருவி, ஒரு கேமரா, மூச்சுக்காற்றுக்கு ஒரு விசிறி. ஆய்வகத்துத் தோழர்கள் அவனைக் கணினித் திரையில் பார்க்கலாம். ஆனால் பார்ப்பதற்கு விளக்கைப் போட்டால் விசிறி நின்றுவிடும். பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள், பார்க்கும் ஒவ்வொரு முறையும் தோழனின் மூச்சைக் குறைக்கிறார்கள். தடயவியல் தொடர்களில் இதைவிட வலிய கற்பனை ஒன்றை நான் கண்டதில்லை.

கடத்தியவன் பணத்துக்காகச் செய்யவில்லை. வால்டர் கார்டன் என்ற அந்தக் கிழவரின் மகள் கெல்லி, கொலைக்கு உடந்தை என்று சிறையில் இருக்கிறாள். சம்பவ இடத்தில் கிடைத்த ஒரு கோப்பையில் அவளது மரபணு இருந்தது. தடயம் பேசியது, வழக்கு முடிந்தது. தகப்பனுக்கு மட்டும் அது முடியவில்லை. இந்த வகை நாடகம் முழுவதற்கும் விடப்பட்ட சவாலாகவே இந்தக் கோப்பையை நான் பார்க்கிறேன். தொட்டவர் யார் என்று தடயம் சொல்லும். எதற்காக, யாருடைய வற்புறுத்தலில் என்பதை அது சொல்லுமா?

இந்த வகையின் மூத்த தொடர்களில் ஒன்றான ‘குவின்சி’ (1976–1983) அந்த இடைவெளியை அறிந்திருந்தது. ஜாக் கிளக்மன் நடித்த லாஸ் ஏஞ்சலஸ் பிணக்கூறு மருத்துவர் மேலதிகாரியோடு சண்டை போடுவார், காவலரோடு வாதாடுவார். அவர் கண்டுபிடித்ததை ஊர் உடனே ஒப்புக்கொள்ளாது. டூரெட் நோய் பற்றிய ஓர் அத்தியாயத்தைத் தொடர்ந்து, அரிய நோய்களுக்கான மருந்துகள் குறித்துக் கிளக்மன் 1981இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னிலையில் நேரில் சாட்சியம் அளித்தார். 1983இல் அதற்கான சட்டம் வந்தது. ஒரு பிணவறை நாடகம் உயிரோடிருப்பவர்களுக்காக இவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது.

பிரிட்டனில் 1996இல் தொடங்கிய ‘சைலன்ட் விட்னஸ்’, முன்னாள் காவலரான நைஜல் மெக்ரெரி உருவாக்கியது. அதில் துக்கத்துக்கு இடம் உண்டு. 2000 அக்டோபரில் ‘சிஎஸ்ஐ’ வந்ததும் எல்லாம் வேகம் பிடித்தது. கேமரா உடலுக்குள் பாய்ந்து குண்டின் வழியே பயணம் செய்தது. வாரக்கணக்கில் ஆகும் சோதனை ஒரு பாட்டு முடிவதற்குள் முடிந்தது. மனிதர்கள் பொய் சொல்வார்கள், தடயம் சொல்லாது என்பதே தலைமை ஆய்வாளர் கில் கிரிசமின் நம்பிக்கை. பார்வையாளரும் அதை நம்பினார்கள். மிச்சிகன் மாநிலத்தில் நீதிபதி டொனால்ட் ஷெல்டன் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஜூரி உறுப்பினர்களிடம் ஆய்வு நடத்தினார். எல்லாக் குற்றவழக்கிலும் ஏதாவது ஒரு அறிவியல் சான்று வேண்டும் என்று எதிர்பார்த்தவர்கள் 46 சதவீதம்.

ஆய்வகத்தின் நிஜம் வேறு. 2009இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்வுக்குழு, மரபணுச் சோதனை நீங்கலாக வேறெந்தத் தடய முறையும் ஒரு தடயத்தைக் குறிப்பிட்ட ஒரே நபரோடு உறுதியாக இணைக்கும் என்று முறையாக நிரூபிக்கப்படவில்லை என எழுதியது. 2015இல் எஃப்பிஐ தன் பழைய தலைமுடி ஒப்பீட்டுச் சாட்சியங்களைத் தானே புரட்டிப் பார்த்தது. 28 ஆய்வாளர்களில் 26 பேர் அறிவியல் தாங்காத அளவுக்கு மிகைப்படுத்திச் சாட்சி சொல்லியிருந்தார்கள். அப்படிப்பட்ட வழக்குகளில் மரண தண்டனை பெற்றவர்களும் இருந்தார்கள். மரபணுவும் சும்மா இருப்பதில்லை. கைக்குக் கை, கையிலிருந்து பொருளுக்கு அது இடம் மாறும் என்பதை 1997இலேயே ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் காட்டிவிட்டார்கள். கெல்லியின் கோப்பை ஒளிபரப்பானது அதற்கு எட்டு ஆண்டுகள் கழித்து.

டரான்டினோ அந்தக் கோப்பையை எடுத்து மேசையில் வைத்தார். தொடரோ அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. கார்டன் வெடிகுண்டால் தன்னையே சிதறடித்துக்கொள்கிறார். அதோடு அவர் கேள்வியும் ஒரு பைத்தியக்காரனின் கேள்வியாகிவிடுகிறது. பெட்டிக்குள் புகுந்து நிக்கைக் கடிக்கும் தீ எறும்புகளைத் திரையில் கண்டு, பூச்சியியல் அறிஞரான கிரிசம் அவன் புதைந்திருக்கும் இடத்தை ஊகிக்கிறார். அறிவியல் வெல்கிறது. அந்தக் காட்சியில் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

மீட்கப்பட்ட நிக் கடைசியில் சிறைக்குப் போய்க் கெல்லியைப் பார்க்கிறான். வெளியே வரும் நாளில் இந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு வராதே என்று சொல்கிறான். தானும் அடைபட்டுக் கிடந்தவன் என்பதால் அந்தச் சொல்லில் உண்மையான பரிவு இருக்கிறது. சொல்லிவிட்டு அவன் வெளியே போகிறான், அவள் உள்ளேயே இருக்கிறாள்.