தம்பி கேமரா

போட்டோ தொழிலுக்கு விலையுயர்ந்த கேமரா கட்டுப்படியாகுமா என்று யாராவது கேட்டால் நான் நிக்கான் டி700-ஐப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன். நண்பர்களுக்கு இது பழகிவிட்டது. அவர்கள் கேட்பது இந்த வருட மிரர்லெஸ் பற்றி. நான் போய் நிற்பது 2008-இல். என்ன செய்வது, அந்தக் கேள்விக்கு அதைவிடச் சுத்தமான பதிலை எந்தக் கம்பெனியும் இதுவரை தந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

2007 ஆகஸ்டில் டி3-ஐ அறிவித்தார்கள், 5,000 டாலர். சரியாக ஒரு வருடம்கூட ஆகவில்லை. 2008 ஜூலையில் 3,000 டாலருக்கு டி700. இரண்டிலும் அதே 12.1 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் சென்சார், அதே 51 புள்ளி ஃபோகஸ், அதே 6400 வரை போகும் ஐ.எஸ்.ஓ. அண்ணனின் கண்ணும் மூளையும் அப்படியே தம்பிக்கு வந்துவிட்டன. தோள்தான் கொஞ்சம் சின்னது: அண்ணன் 1,240 கிராம், தம்பி 995. விநாடிக்கு 9 ஃபிரேம் என்பது 5 ஆனது. அதற்கும் எம்.பி-டி10 கிரிப்பை மாட்டி, அண்ணனின் பேட்டரியையே அதில் போட்டால் 8 வரை போனது. வாங்குகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஃபிலிம் காலத்தில் இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. எஃப்5-இல் போட்டதும் எஃப்.எம்.2-இல் போட்டதும் ஒரே ரோல்தான். ஒரே லென்ஸை மாட்டி இரண்டிலும் எடுத்து லேபில் கழுவினால், எது எதில் எடுத்தது என்று கேமரா செய்தவனாலேயே சொல்ல முடியாது. பாடி என்பது வசதி. வேகம், உறுதி, கைக்குப் பொருந்துகிற விதம். படம் ஃபிலிமிலும் லென்ஸிலும் இருந்தது. ரோலுக்கும் பிரிண்டுக்கும் ஆன செலவைக் கல்யாண வீட்டார் ஏற்றுக்கொண்டார்கள். ஒரு எஃப்.எம்.2-ஐ வைத்துக்கொண்டு இருபது வருடம் தொழில் செய்து, மகளுக்குக் கல்யாணமும் செய்துவைத்தவர்கள் எங்கள் ஊரிலேயே உண்டு.

டிஜிட்டல் வந்ததும் ஃபிலிமைப் பாடிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். நல்ல ஃபிலிம் வேண்டுமா, முழு கேமராவையும் வாங்கு. 1991-இல் வந்த கோடக் டிசிஎஸ்ஸில் 1.3 மெகாபிக்சலுக்கு 20,000 டாலர் கேட்டார்கள். 1999-இல் நிக்கான் டி1, 2.7 மெகாபிக்சல், ஐயாயிரம் டாலருக்கு மேல். 2002-இல் கேனன் 1டிஎஸ், 11 மெகாபிக்சல், 8,000 டாலர். அந்தப் பத்துப் பன்னிரண்டு வருடம் காசு உள்ளவனிடம்தான் படம் இருந்தது. அப்போது பெரிய விலை கொடுத்து வாங்கியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்களுக்கு வேறு வழி இல்லை. டி700 அந்தப் பூட்டைத் திறந்தது. ஒரே ஃபிலிமை இரண்டு விலையில் இரண்டு உடம்பில் மறுபடியும் வாங்க முடிந்தது.

அதன் படங்களைப் பற்றிப் பேசாமல் மேலே போக எனக்கு மனம் வராது. நம் ஊர் மண்டபத்தில், விடியற்காலை முகூர்த்தத்தில், என்னென்ன வெளிச்சம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மேலே பச்சையடிக்கும் டியூப் லைட், வீடியோக்காரர் தூக்கிப் பிடிக்கும் ஹாலஜன், கீழே ஹோமத் தீ, நடுவில் புகை. பெண்ணின் முகத்தில் மஞ்சள், நெற்றியில் வியர்வை, கறுத்த கூந்தலில் வெள்ளைப் பூ. அதற்கு முந்தைய டிஜிட்டல் கேமராக்களில் ஐ.எஸ்.ஓ. 800-ஐத் தாண்டினால் கூந்தலுக்குள் சிவப்பும் நீலமுமாகப் புள்ளி ஓடும். மாநிறத் தோலில் அது இன்னும் அசிங்கம். அதனால்தான் ஃப்ளாஷ். ஃப்ளாஷ் அடித்தால் ஹோமத் தீ செத்துவிடும், முகம் தட்டையாகிவிடும், பின்னால் நிற்கிற தாய்மாமன் இருட்டுக்குள் போய்விடுவார். டி700-இல் 3200 வைத்து, எஃப் 2.8-இல், ஃப்ளாஷை அணைத்துவிட்டு எடுக்கலாம். தீயின் வெளிச்சம் தாடைக்குக் கீழே ஏறுவது தெரியும். கறுப்பு கறுப்பாகவே இருக்கும், ஆனால் அதற்குள் முகம் இருக்கும். மஞ்சள் பூசிய கன்னத்துக்கும் ஹாலஜன் பட்ட கன்னத்துக்கும் உள்ள வித்தியாசம்கூடப் பிரிந்து நிற்கும். இதில் புள்ளியே வராது என்று நான் சொல்லவில்லை. வரும், மணல்போல, ஒரே நிறத்தில், ஃபிலிமின் குருணைக்குப் பக்கத்தில் நிற்கும். ஷட்டர் சத்தம் மட்டும் கொஞ்சம் முரட்டுத்தனம். கெட்டிமேளம் முழங்கும்போது அதை யார் கேட்கப்போகிறார்கள்?

டி3 கட்சிக்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு, அது தப்பான கணக்கும் இல்லை. அதன் ஷட்டர் 3,00,000 கிளிக்குக்குச் சோதிக்கப்பட்டது, டி700-இன் ஷட்டர் 1,50,000-க்கு. விலையைக் கிளிக்கால் வகுத்தால் அண்ணன் 1.67 சென்ட், தம்பி 2 சென்ட். அதாவது விலை கூடிய கேமராதான் மலிவு! முதல்முறை கேட்டபோது எனக்கு வாயடைத்துப் போனது. ஆனால் ஷட்டர் போனால் புது ஷட்டர் மாற்றிக்கொள்ளலாம். கல்யாணத்துக்கு இரண்டாயிரம் கிளிக் என்றாலும் தம்பிக்கே 75 கல்யாணம் வரும். அண்ணனின் மூன்று லட்சத்தை எட்டுவதற்குள் அடுத்த சென்சார் வந்து, பக்கத்துத் தெரு ஸ்டுடியோ அதை வாங்கிப் போர்டில் எழுதியிருக்கும்.

வியூஃபைண்டர் விஷயத்திலும் அவர்கள் சொல்வது சரிதான். டி700 காட்டுவது 95 சதவீதம். கண்ணில் படாத அந்த ஓரத்தில் வீடியோக்காரரின் வயர் வந்து உட்கார்ந்துகொள்ளும். வெட்டி எறிய வேண்டியதுதான். இதை நான் பெரிய குறையாக நினைத்ததில்லை. எனக்குப் பதில் இல்லாத ஒரே இடம் கார்டு. டி3-இல் இரண்டு கார்டு, ஒரே நேரத்தில் இரண்டிலும் பதியும். டி700-இல் ஒன்றுதான். தாலி கட்டியவரை மறுபடி கட்டச் சொல்ல முடியாது. இரண்டாவது கார்டுக்காக மட்டுமே 2,000 டாலர் அதிகம் கொடுத்தேன் என்று ஒருவர் சொன்னால் நான் வாயை மூடிக்கொள்வேன். மற்ற எந்தக் காரணத்துக்கும் மூடமாட்டேன்.

கேனன்காரர்கள் இதற்குள் பொறுமை இழந்திருப்பார்கள். அவர்கள் வீட்டிலும் இதே கதைதான், தள்ளுபடி இன்னும் பெரிது என்பது உண்மை: 21 மெகாபிக்சல் 1டிஎஸ் மார்க் 3-இன் விலை 8,000 டாலர், 2008-இல் அதே 21 மெகாபிக்சலோடு 5டி மார்க் 2 வந்தது 2,700 டாலருக்கு. ஆல்பம் கணக்கிலும் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 12-க்கு 36 அங்குல விரிப்பில் ஒரே படத்தைப் பரப்பினால் டி700-இன் 4,256 பிக்சல் அங்குலத்துக்கு 118 ஆகத் தேய்ந்துவிடும்; 5டி மார்க் 2-இல் 156 நிற்கும். ஆனால் ஒரே படத்தை அப்படிப் பரப்புகிற டிசைனர் எங்கே இருக்கிறார்? ஒரு பக்கத்தில் ஆறு படம், மூலையில் ஒரு மயில், நடுவில் ஆங்கிலத்தில் ஒரு வாசகம். கேனன் தம்பிக்கு அண்ணனின் ஃபிலிம் மட்டும்தான் கிடைத்தது. ஃபோகஸ் பழைய ஒன்பது புள்ளி. எல்லோரும் எழுந்து அட்சதை போடுகிற நொடியில், குறுக்கே பறக்கும் அரிசியில் போய் நிற்காமல் முகத்தைப் பிடிக்க வேண்டுமே. அங்கேதான் எனக்கு டி700.

வீடியோவைக் காட்டி வாதாடினால் நான் எதிர்ப் பேச்சுப் பேசுவதில்லை. டி700-இல் அது அறவே கிடையாது. ஆனால் அந்த வாதமும் கடைசியில் என் பக்கம்தான் வந்து சேர்கிறது. 2012-இல் வந்த ‘வழக்கு எண் 18/9’ படத்தைப் பாலாஜி சக்திவேலும் விஜய் மில்டனும் கேனன் 7டி-யில் எடுத்தார்கள். அது 5டி-யைவிடவும் கீழ்ப்படி, ஃபுல் ஃபிரேம்கூட இல்லாத ஸ்டில் கேமரா. தியேட்டர் திரைக்கே அது போதுமாக இருந்தபோது வரவேற்பு மேடைக்குப் போதாதா?

விளையாட்டு மைதானம் வேறு. சேப்பாக்கத்தில் எல்லைக்கோட்டருகே உட்கார்ந்திருக்கிறவருக்கு விநாடிக்கு இத்தனை ஃபிரேம் என்பது ஆடம்பரம் இல்லை, சோறு. மழையும் தூசியும் தாங்குகிற உடம்பும் அவருக்கு வேண்டும். ஆனால் கவனித்துப் பாருங்கள், அந்த இடங்களில் பெரும்பாலும் கேமராவை வாங்குவது அவர் இல்லை, அவருடைய நிறுவனம். 2020-இல் அசோசியேட்டட் பிரஸ் தன் ஆட்களையெல்லாம் சோனிக்கு மாற்றியது; புகைப்படக்காரர் யாரும் அதற்காகக் கடன் வாங்கவில்லை.

கடன் வாங்குகிறவர் நம் ஸ்டுடியோக்காரர். ஐந்து லட்சத்துக்கு ஒரு பாடி, மூன்று வருடம் கழித்து இரண்டு லட்சத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 30 கல்யாணம் என்றால் ஒவ்வொரு ஆர்டரிலும் கேமரா தின்பது 3,333 ரூபாய். தம்பி மூன்று லட்சம், 1,20,000-க்கு விற்கிறது என்றால் 2,000. வித்தியாசம் சின்னதாகத் தெரியும். மூன்று வருடத்துக்குச் சேர்த்தால் 1,20,000. அதில் நல்ல 85 லென்ஸ் ஒன்று வரும், இரண்டு ஃப்ளாஷும் வரும். ஆடியிலும் மார்கழியிலும் ஆர்டர் வராது, இ.எம்.ஐ. வரும். இன்றைய 45 மெகாபிக்சல் பாடிகளோ தனியாக வருவதில்லை. முழு ரா கோப்பு 50 எம்.பி.யைத் தாண்டும்; ஒரு கல்யாணத்துக்கு 3,000 ஃபிரேம் என்றால் 150 ஜி.பி. அதற்கு விலைகூடிய கார்டு, ஹார்ட் டிஸ்க், அதைத் திறக்க ஒரு கம்ப்யூட்டர். 1959-இலிருந்து தொடர்ந்து வந்த எஃப் மவுண்டை விட்டுவிட்டு இசட்டுக்கு மாறினால், டி700 தன் மோட்டாரால் ஓட்டிக்கொண்டிருந்த பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களை இனிக் கையால் திருப்ப வேண்டியதுதான். கடைக்காரர் பில்லில் இதெல்லாம் இருக்காது.

லண்டனில் ஜேன் பௌன் என்று ஒரு அம்மா இருந்தார். 1949 முதல் ‘தி அப்சர்வர்’ பத்திரிகைக்கு எடுத்தவர். பழைய ஒலிம்பஸ் ஓஎம்-1, 85 லென்ஸ், ஜன்னல் வெளிச்சம். புறங்கையில் விழுகிற ஒளியைப் பார்த்தே எக்ஸ்போஷரைக் கணிப்பார். கேமராவைக் காய்கறிப் பையில் போட்டுக்கொண்டு போவார். அவருடைய சாமுவேல் பெக்கட் படத்துக்குப் பக்கத்தில் வைக்க நம்மிடம் எத்தனை முகங்கள் இருக்கின்றன?

இப்போது கொட்டேஷனில் முதல் வரியே கேமராவின் பெயர். பெண் வீட்டாரே கேட்கிறார்கள், “எந்த மாடல், எத்தனை மெகாபிக்சல்?” எடுத்த பழைய ஆல்பத்தைக் காட்டச் சொல்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ஐயாயிரம் படம் பென் டிரைவில் போய் அலமாரியில் தூங்குகிறது. ஆல்பத்துக்குத் தேர்ந்தெடுத்துத் தர வீட்டில் யாருக்கும் பொழுதில்லை, வருடம் ஒன்றாகியும் லேபுக்குப் போகாத ஆர்டர்கள் எல்லா ஸ்டுடியோவிலும் கிடக்கின்றன. அப்படியே போனாலும், நாலு லட்சம் கேமரா சிரமப்பட்டுப் பிரித்துக் கொடுத்த அந்த மாநிறத்தை எடிட்டிங்கில் உட்காருகிற பையன் ஒரு நிமிடத்தில் மாவு பூசி வெள்ளையாக்கிவிடுகிறான். தாய்மாமனும் வெள்ளை, மாப்பிள்ளையும் வெள்ளை. அப்புறம் சென்சாருக்கு எதற்கு அவ்வளவு காசு?

நிக்கான் இதே கதையை மறுபடியும் நடத்திக் காட்டியிருக்கிறது. 2021-இல் இசட்9, 5,500 டாலர். 2023-இல் அதே 45.7 மெகாபிக்சல் சென்சாரோடு இசட்8, 4,000 டாலர். இரண்டிலும் இயந்திர ஷட்டரே கிடையாது, அதனால் என் டி3 நண்பர்களின் கிளிக் கணக்கும் செத்துப்போனது. கார்டும் இந்தமுறை தம்பிக்கு இரண்டு. மேடைக்குப் பின்னால் எல்.இ.டி. சுவர் வைக்கிற இந்தக் காலத்தில் படத்தில் கோடு விழாமல் இருக்க வேகமான சென்சார் வேண்டும் என்கிறார்கள், அது ஒரு நல்ல காரணம்தான். ஆனால் இயந்திர ஷட்டர் உள்ள மலிவான பாடியில் சைலன்ட் மோடை அணைத்துவிட்டாலே பெரும்பாலான கோடு போய்விடும். ஜல்லிக்கட்டுக்கோ கபடிக்கோ அழைப்பு வந்தால் இரண்டு நாளைக்கு இசட்9-ஐ வாடகைக்கு எடுத்து, வாடகையைப் பில்லில் சேர்த்துவிடலாம்.

இசட்8-இன் படங்கள் அருமை, மறுக்கவில்லை. என் மனக்குறை வேறு. 2009-இல் டி300எஸ் என்று ஒன்று விட்டார்கள், டி700-ஐவிடச் சின்ன சென்சார்; அதற்கு இரண்டு கார்டு கொடுத்தார்கள். அடுத்து இரண்டு கார்டோடு டி700எஸ் வரும் என்று நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். வரவில்லை. 2012-இல் 36 மெகாபிக்சலோடு டி800 வந்தது. இன்றைக்கும் எங்கேனும் ஷட்டர் கவுண்ட் குறைந்த டி700 செகண்ட் ஹேண்டில் வந்தால் எனக்குத் தகவல் சொல்லும்படி கடைக்காரர் ஒருவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். வீட்டில் ஏற்கனவே ஒன்று இருப்பது அவருக்கும் தெரியும்.