வீடு யாருடைய பெயரில்? - 'எதிர்நீச்சல்' தொடரும் குருநகர்ப் பார்வையாளரும்

தமிழ்த் தொலைக்காட்சித் தொடர்கள் பற்றி எமது சிறுசஞ்சிகைகளில் வெளிவந்த கட்டுரைகளை எடுத்து வைத்துப் பார்த்தால், அநேகமாக அவையெல்லாம் ஒரே கட்டுரையாகவே இருக்கக் காணலாம். பெண்கள் அழுகிறார்கள், அவர்களை அழவைத்து விளம்பரதாரர் பணம் பண்ணுகிறார், பார்ப்பவரின் சிந்தனை மழுங்கிப்போகிறது. 'சித்தி' (1999-2001) ஓடிய காலத்தில் எழுதப்பட்டதைப் பெயரை மட்டும் மாற்றி 'மெட்டி ஒலி'க்கும் எழுதினார்கள், 'கோலங்கள்' தொடருக்கும் எழுதினார்கள். சொல்லப்பட்டது முழுவதும் பொய் என்பதல்ல. ஆனால் அத்தொடரைப் பார்க்கின்ற பெண் அதைப்பற்றி என்ன கதைக்கிறாள் என்பது இக்கட்டுரைகளில் வருவதேயில்லை. இரவு முழுக்க கிரிக்கெட் பார்க்கும் ஆண்களுடைய மூளை மழுங்குவது பற்றி எவரும் கட்டுரை எழுதியதாகவும் தெரியவில்லை.

சன் தொலைக்காட்சியில் 2022 பெப்ரவரி 7 முதல் 2024 ஜூன் 8 வரை ஒளிபரப்பான 'எதிர்நீச்சல்' தொடருக்குக் கிடைத்த எதிர்வினைகள் இந்தப் பழைய கட்டுரைக்குள் அடங்க மறுப்பவை. இயக்கியவர் 'கோலங்கள்' தந்த திருச்செல்வம். மதுரையிலே பெரும் பணக்காரக் குடும்பம் ஒன்று. மூத்தவன் ஆதி குணசேகரன் வைத்ததே அங்கு சட்டம். படித்த பெண்களாகத் தேடி வீட்டுக்கு மருமகள்களாகக் கொண்டுவருவான். கொண்டுவந்ததும் அவர்களைச் சமையலறைக்குள் அனுப்பிவிடுவான். ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி என்ற மூவருக்குப் பின்னால் நான்காவதாக ஜனனி வருகிறாள். கதை அவளில் தொடங்குகிறது. பணக்கார வீட்டு நாடகங்களில் வழமையாக வரும் பளிங்குப் படிக்கட்டும் பட்டுச்சேலையும் இதில் இல்லாமலில்லை. எனினும் இந்த வீட்டின் செல்வம் பார்ப்பவரை ஏங்கவைப்பதற்காகக் காட்டப்படவில்லை. அது எந்நேரமும் ஒரு பங்குக் கணக்காகவே பேசப்படுகிறது. சொத்தில் 40 வீதம் அப்பத்தா என்ற வயோதிபப் பெண்ணின் பெயரில் இருக்கிறது. வீடே அதிரக் கத்துகிற குணசேகரன் அந்தக் கிழவியின் முன்னால் மட்டும் குரலைத் தாழ்த்துகிறான்.

குருநகரில் இத்தொடர் பார்க்கப்பட்ட விதத்தை நான் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. யாழ்ப்பாண நகரின் கடலோரத்திலே, முன்னர் கரையூர் என வழங்கிய இந்தக் கடற்றொழிலாளர் ஊரில் கத்தோலிக்கரே பெரும்பான்மையினர். பாசையூர், நாவாந்துறை போன்று இதுவும் தென்மோடிக் கூத்து வளர்ந்த கரை. தொலைக்காட்சித் தொடரை இங்கே 'நாடகம்' என்றே சொல்வார்கள். ஆண்கள் இரவுத் தொழிலுக்குப் போய்விட்ட வீடுகளில் பெண்களும் பிள்ளைகளும் நாடகத்துக்கு முன்னால் இருப்பார்கள். தொடர்மாடிக் குடியிருப்பில் ஒரு வீட்டுச் சத்தத்தைக் கேட்டே அடுத்த வீட்டில் கதையைப் பின்தொடரலாம். 2006க்கும் 2009க்கும் இடையிலான ஊரடங்கு இரவுகளில் இப்பழக்கம் இன்னும் இறுகியது என்பது அக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

அரண்மனைக் கதையை அழுது பார்ப்பது இந்தக் கரைக்குப் புதிதுமல்ல. மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் கைகள் வெட்டப்பட்டுக் காட்டில் விடப்படும் அரசகுமாரி ஞானசௌந்தரியின் கதையைக் கத்தோலிக்கக் கரைகள் தலைமுறை தலைமுறையாக விடிய விடியப் பார்த்திருக்கின்றன. (1948 இல் அக்கதை இரண்டு படங்களாக வந்தது. ஜெமினியின் படம் எடுபடவில்லை, எப். நாகூர் இயக்கிய சிட்டாடல் படமே வென்றது. கத்தோலிக்கரின் கண்ணீர்க் கதையை ஒரு முஸ்லிம் நெறியாளர் தமிழ்நாட்டுக்கே சொந்தமாக்கிய அந்தச் செய்தி தனியாக எழுதப்பட வேண்டியது.) கூத்தில் கொடுங்கோல் அரசனின் வரவைத்தான் சபை ஆவலோடு எதிர்பார்த்திருக்கும். அவனைத் திட்டும், அவனுடைய ஆட்டத்தையும் ரசிக்கும். இரண்டையும் ஒன்றாகச் செய்யத் தெரிந்த சபை அது.

குணசேகரனுக்கும் இதுவே நடந்தது. அந்தப் பாத்திரத்தில் நடித்த ஜி. மாரிமுத்து தேனி மாவட்டத்துக் கிராமமொன்றில் பிறந்தவர். 'கண்ணும் கண்ணும்' (2008), 'புலிவால்' (2014) படங்களின் இயக்குநர். 'பரியேறும் பெருமாள்' (2018) படத்திலே கதாநாயகியின் தகப்பனாக வந்தவர். வீட்டுப் பெண்களைப் பார்த்து அவர் எறிகின்ற 'இந்தாம்மா ஏய்' என்ற விளி தமிழ் பேசும் இடமெல்லாம் பகிடியாகிப் பரவியது. குருநகரிலும் சின்னப் பெடியன்கள் தங்கள் அக்காமாரை அப்படிக் கூப்பிட்டு அடி வாங்கினார்கள். அதட்டலொன்று பகிடியாகும்போது அதன் விஷம் இறங்குகிறதா, அல்லது பகிடி என்ற பெயரில் இன்னும் இலகுவாக உள்ளே போகிறதா என்பது விமர்சகன் கேட்கவேண்டிய கேள்வி. இரண்டும் நடக்கிறது என்பதே என் எண்ணம். தாய் இரவு முழுக்கத் திட்டிய ஒருவனின் குரலை மகன் காலையில் தனதாக்கிக் கொள்கிறான்.

2023 செப்டெம்பர் 8 ஆம் திகதி, சென்னையில் இத்தொடருக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்த வேளையில் மாரடைப்பு ஏற்பட்டு மாரிமுத்து காலமானார். அன்று குருநகரில் சொந்தக்காரர் ஒருவர் தவறிப்போனதைப் போலவே கதைத்தார்கள். முதல்நாள் வரை நாசமாய்ப் போவான் என்று ஏசிய வாய்கள்தான் அவை. இதைப் பேதைமை என்று தள்ளிவிடுவது சுலபம். ஆனால் அவர்கள் நடிகனையும் பாத்திரத்தையும் குழப்பிக்கொள்ளவில்லை. பாத்திரத்தை ஏசியவர்கள் நடிகனுக்கு அழுதார்கள். பின்னர் அதே பாத்திரத்துக்கு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வந்தார். 'குற்றப் பரம்பரை' நாவலின் ஆசிரியர், திரையில் கம்பீரமான ஆள். ஆனாலும் பார்வையாளர் அவரை முழுமனதோடு ஏற்கவில்லை. மாரிமுத்துவின் குணசேகரனிடம் அதட்டலோடு ஒரு கோணங்கித்தனமும் இருந்தது. தான் தோற்றுப்போவேனோ என்ற பயத்தை அந்தக் கோணங்கித்தனம் காட்டிக்கொடுத்தது. புதியவரிடம் அதட்டல் மட்டுமே இருந்தது. பெண்கள் இந்த வித்தியாசத்தை ஒரு கிழமைக்குள் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்கள். இது நடிப்பு பற்றிய விமர்சனம் அல்லாமல் வேறென்ன?

பணக்காரக் குடும்பத்து நாடகத்தைச் சனங்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்ற கேள்வி உலகத்துக்குப் புதிதல்ல. 1978 இல் தொடங்கிய அமெரிக்கத் தொடரான 'டாலஸ்' எண்ணெய்ச் செல்வத்தில் மிதந்த ஒரு குடும்பத்தின் கதை. அதிலும் எல்லோரும் வெறுத்துக்கொண்டே விரும்பிய ஒருவன், ஜே.ஆர்., இருந்தான். 1980 இல் அவனைச் சுட்டது யார் என்று நாடுகள் தோறும் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நெதர்லாந்திலே இயென் ஆங் என்ற ஆய்வாளர் ஒரு பெண்கள் சஞ்சிகையில் சிறு விளம்பரம் போட்டு, பார்வையாளர் எழுதியனுப்பிய 42 கடிதங்களை வைத்து ஒரு நூல் எழுதினார். அதன் ஆங்கில வடிவம் 1985 இல் வந்தது. அந்த வீடும் பணமும் நம்பமுடியாதவையாக இருந்தாலும் அங்குள்ள மனத்தாங்கல்கள் உண்மையானவையாகப் படுகின்றன என்பதே அக்கடிதங்களில் அவர் கண்டது.

இதைவிட எமக்குப் பயன்படுவது தமார் லீபஸ், எலிஹு காட்ஸ் இருவரும் 1990 இல் வெளியிட்ட ஆய்வு. இஸ்ரேலிலுள்ள அரபிகள், மொரோக்கோவிலிருந்து வந்த யூதர், ரஷ்யாவிலிருந்து புதிதாகக் குடியேறியோர், கூட்டுப்பண்ணைவாசிகள் எனப் பலவகைக் குழுக்களுக்கு 'டாலஸ்' அத்தியாயத்தைக் காட்டிவிட்டுக் கதையைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். ஜே.ஆரின் மனைவி கணவனைவிட்டுக் குழந்தையோடு வெளியேறித் தன் காதலன் வீட்டுக்குப் போகிறாள். அதை அரபுக் குழுவொன்று திருப்பிச் சொன்னபோது, அவள் தன் தகப்பன் வீட்டுக்குப் போனதாகச் சொன்னது. கணவனோடு மனத்தாங்கல் கொண்ட பெண் போகவேண்டிய வீடு அவர்கள் கணக்கில் அதுதான். பார்த்ததை மறந்துவிட்டார்கள் என்று இதைச் சொல்ல முடியாது. தங்களுக்குத் தெரிந்த வீட்டின் சட்டத்தால் அவர்கள் கதையைத் திருத்திவிட்டார்கள்.

குருநகர்ப் பெண்களும் 'எதிர்நீச்சல்' கதையைத் திருத்திக்கொண்டுதான் பார்த்தார்கள். ஈஸ்வரி முதலான நால்வரும் ஏன் வீட்டைவிட்டு வெளியேறவில்லை என்று தமிழ்நாட்டிலே கேட்டார்கள். இங்கே கேட்கப்பட்டது வேறு கேள்வி. அவன் ஏன் இன்னும் அந்த வீட்டில் இருக்கிறான்? தங்கட வீடென்றால் அவன்தான் பையைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும் என்பது இவர்களது கணக்கு. நான்கு மருமகள்களும் மாமியாரின் கூரைக்குக் கீழே ஒரே அடுப்பில் சமைப்பது இவர்களுக்கு வேற்றூர்க் காட்சி. யாழ்ப்பாணத்தில் வீடு பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாகப் போவது. மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து இருப்பதும் வழமை. 1707 இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தைப் பிரித்தே பேசுகிறது. எனவே குணசேகரன் "என் வீடு" என்று நெஞ்சில் அடிக்கும்போதெல்லாம், உறுதி யார் பெயரில் என்று இவர்கள் திரையைப் பார்த்துக் கேட்கிறார்கள்.

இதைச் சொன்னதும் யாழ்ப்பாணப் பெண் சுதந்திரமானவள் என்று முடிவுகட்டுகிற அவசரமும் எம்மிடையே உண்டு. சீதன வீடொன்றைக் கட்டி முடிப்பதற்காகத் திருமணமின்றி வெளிநாட்டில் உழைத்த அண்ணன்மாரையும், வீடு இல்லாமையால் வீட்டோடு இருந்துவிட்ட அக்காமாரையும் எல்லோருக்கும் தெரியும். சட்டத்திலும் ஒரு முடிச்சு இருக்கிறது. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண திருமண உரிமைகள், வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்குட்பட்ட மணமான பெண் தன் பெயரிலுள்ள அசையாச் சொத்தைக் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது. அவன் தன் சொத்தை விற்பதற்கு அவளுடைய சம்மதம் தேவையில்லை. கணவன் கைவிட்டுப் போனாலோ, இருக்குமிடம் தெரியாமல் போனாலோ, நியாயமின்றிச் சம்மதிக்க மறுத்தாலோ அவள் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் அனுமதி பெறவேண்டும். கடலில் காணாமற்போனோரும் யுத்தத்தில் காணாமலாக்கப்பட்டோரும் உள்ள ஒரு கரையில் 'இருக்குமிடம் தெரியாமல்' என்ற சொற்களின் பாரத்தை விளக்கத் தேவையில்லை.

அப்பத்தாவின் 40 வீதம் இந்த இடத்தில்தான் உறைக்கிறது. சொத்து பெண்ணின் பெயரில். அதை அசைக்கும் அதிகாரம் யார் கையில்? மதுரைப் பணக்காரியின் சிக்கலும், இரண்டு அறை வீட்டைச் சீதனமாகப் பெற்ற குருநகர்ப் பெண்ணின் சிக்கலும் தொகையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் கொண்டவை. கேள்வி ஒன்றுதான். அதனால்தான் மற்றைய தொடர்களில் மாமியார் மருமகள் சண்டையைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள், இதில் அப்பத்தா காகிதங்களுக்கு முன்னால் வரும் காட்சிகளில் மூச்சுக்காட்டாமல் இருந்தார்கள்.

எமது வாசகர்களுக்கும் இது அந்நியமான விடயமல்ல. முஸ்லிம்களின் வாரிசுரிமை வேறு சட்டத்தின் கீழ் வந்தாலும், காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் வீடு மகளுக்குத்தான் போகிறது. மாப்பிள்ளை பெண்வீடு வந்து சேர்கிறார். தமிழ்நாட்டிலே காயல்பட்டினத்திலும் அவ்வாறே. தமிழ் பேசும் கரைகள் இத்தனையிலும் வழக்கிலுள்ள ஒரு வீட்டைத் தமிழ்த் தொலைக்காட்சி இன்றுவரை பொருட்படுத்திக் காட்டவில்லை. கூட்டுக்குடும்பத்து மாமியார் வீடு ஒன்றே 'தமிழ்க் குடும்பம்' என்று ஆகிவிட்டது. அந்த வீட்டைப் பார்த்துப் பார்த்து எமது பிள்ளைகளும் அதையே பண்பாடு என நம்பத் தலைப்பட்டால், இழப்பு வெறும் ரசனை சார்ந்ததல்ல.

தொடரின் கலைப்பெறுமதி பற்றி இனிச் சொல்லலாம். அதன் மிகச் சிறந்த பகுதிகள் சமையலறையில் நிகழ்ந்தன. ஆண்கள் இல்லாத நேரத்தில் நால்வரும் வெங்காயம் உரித்தபடி ஒருவரையொருவர் சீண்டிச் சிரிப்பதும், நந்தினியின் வாய்த்துடுக்கும், ரேணுகா தன் நடனத்தை நினைப்பதும் உயிருள்ள எழுத்து. ஓரகத்திகள் ஒருவருக்கொருவர் குழி பறிப்பார்கள் என்ற தொடர் மரபை அது முறித்தது. ஆனால் திரைக்கதை தன் கேள்விக்குத் தானே பயந்ததுபோல் தெரிகிறது. அப்பத்தாவின் பங்கு, இயக்குநரே நடித்த ஜீவானந்தம் என்ற பாத்திரத்தின் கைக்குப் போவதாகக் கதை திரும்பியதும், பெண்களின் சொத்துக் கேள்வி இரண்டு ஆண்களின் மோதலாகச் சுருங்கிவிட்டது. ஆதிரையை அவள் விருப்பத்துக்கு மாறாகக் கரிகாலனுக்குக் கட்டிவைத்த பகுதியிலும் அதுவே நடந்தது. மாதக்கணக்காக நம்பிக்கை ஊட்டி, ஒரே நாளில் பறித்தார்கள். குருநகரில் பலர் அன்றோடு நாடகத்தை விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். உண்மையில் எத்தனை பேர் விட்டார்கள் என்பது வேறு விடயம். தாங்கள் ஏமாற்றப்பட்டோம் என்பதை அவர்கள் சரியாகவே உணர்ந்தார்கள். கொடியவன் இல்லாத வீட்டில் அந்த நான்கு பெண்களும் எப்படி வாழ்வார்கள் என்பதைக் கற்பனை செய்யத் தொடரால் இறுதிவரை முடியவில்லை.

2024 டிசம்பரில் 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்ற பெயரில் கதை மீண்டும் ஆரம்பித்தது. ஜனனியாக வேறொரு நடிகை வந்தார். குணசேகரனும் திரும்பி வந்தான். குருநகரில் இம்முறை முழு அத்தியாயத்தையும் இருந்து பார்த்தவர்களை விட, யூரியூப்பில் வரும் ஒரு நிமிட முன்னோட்டத்தை மட்டும் கைத்தொலைபேசியில் பார்த்துவிட்டு மிச்சக் கதையைத் தாங்களே சொல்லிக்கொண்டவர்களைத்தான் நான் அதிகம் கண்டேன். அவர்கள் சொன்ன கதைகளில் வீடு பெரும்பாலும் ஈஸ்வரியின் பெயருக்கு எழுதப்பட்டிருந்தது.