உள்ளாட்சியும் உமிழ்வுக் கணக்கும்

காலநிலை என்ற பெயரில் நம் ஊர்களில் நடக்கும் விழா எதை எடுத்தாலும் இரண்டு பேர் தவறாமல் மேடையேறுவார்கள். ஒருவர் பள்ளி மாணவர், கையில் மரக்கன்று. மற்றவர் கடைக்காரர், கையில் மஞ்சப்பை. உள்ளாட்சி அமைப்புகள் கடைகளுக்கும் ஆலைகளுக்கும் பள்ளிகளுக்கும் கைகொடுத்துப் பசுங்குடில் வாயுக்களைக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அந்த உதவி சேர வேண்டிய இடத்தில் சேர்கிறதா என்பதுதான் என் சந்தேகம்.

சென்னை மாநகராட்சி சி40 என்ற உலகப் பெருநகரங்களின் அமைப்போடு சேர்ந்து 2023இல் வெளியிட்ட காலநிலைச் செயல்திட்டத்தைப் பாராட்ட ஒரு காரணம் போதும்: முதலில் கணக்குப் போட்டார்கள். 2018-19இல் நகரின் உமிழ்வு ஏறத்தாழ 1.44 கோடி டன். அதில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவானது வீடுகளும் கடைகளும் ஆலைகளும் செலவிடும் மின்சாரத்தாலும் எரிபொருளாலும் வருவது. ஆகவே 2050க்குள் நிகர சுழியம் என்ற இலக்கு வெற்று முழக்கமாக நிற்காமல், எங்கே கைவைக்க வேண்டும் என்பதையாவது காட்டுகிறது. திட்டத்தின் குறையும் அதே இடத்தில்தான். கட்டடத்துக்கு அனுமதி தருவது மாநகராட்சி; அதற்குள் ஓடும் மின்சாரத்தின் விலையைத் தீர்மானிப்பது மின்சார ஒழுங்குமுறை ஆணையம்; இணைப்பும் மீட்டரும் மின்வாரியத்தின் கையில். மேற்கூரை சூரிய மின்சாரத்துக்கு வசூலித்த வலையமைப்புக் கட்டணத்தை எதிர்த்துச் சிறுதொழில் சங்கங்கள் குரல் கொடுத்த பிறகுதான், 2023இல் அரசு அதைப் பாதியாகக் குறைத்தது. மாநகராட்சி நினைத்தால் நடக்கிற காரியமல்ல அது.

மாநகரத்துக்கே இப்படியென்றால் சுமார் 25 ஆயிரம் பேர் வாழும் நம் உத்திரமேரூர் பேரூராட்சி என்ன செய்துவிட முடியும்? ஊரைச் சுற்றியுள்ள கல்குவாரிகளும் கிரஷர்களும் கனிமவளத் துறையின் கட்டுப்பாட்டில். ஆட்களை ஏற்றிக்கொண்டு விடியலில் ஒரகடம் பக்கம் போகும் கம்பெனி பஸ்களுக்கு ஊர் ஒரு நிறுத்தம், அவ்வளவுதான். தண்ணீர் தேங்கிய நெல் வயலில் எழும் மீத்தேனைக் குறைக்கக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர்விடச் சொல்வது வேளாண் துறையின் வேலை. இவற்றை விட்டால் பேரூராட்சியின் கைக்கு எட்டுவது அரிசி ஆலை, ஓட்டல், கல்யாண மண்டபம், கடைத்தெரு, பள்ளிக்கூடம்.

இவர்களுக்கு இன்று கிடைக்கும் உதவி பெரும்பாலும் விருதும் விழிப்புணர்வும்தான். மீண்டும் மஞ்சப்பை இயக்கம் 2021 டிசம்பரில் தொடங்கியது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தவிர்க்கும் பள்ளி, கல்லூரி, வணிக வளாகங்களுக்கு மஞ்சப்பை விருது உண்டு: முதல் பரிசு 10 லட்சம், அடுத்து 5 லட்சம், 3 லட்சம். சாக்கடை அடைப்பதற்கும் மாடு பையைத் தின்று சாவதற்கும் இது நல்ல மருந்து. ஆனால் கரியமில வாயுக் கணக்கில் அதன் பங்கு சிறிது. 2022இல் தொடங்கிய தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கத்தின்படி மாவட்டத்துக்கு ஆட்சியர் தலைமை, மாவட்ட வன அலுவலரே காலநிலை அலுவலர். பிறகு காலநிலை என்றதும் கன்று நடுவது முந்திக்கொள்வதில் வியப்பென்ன?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஒன்றில் பழைய மின்விசிறிகள் பத்து என்று வையுங்கள். ஒவ்வொன்றும் 75 வாட். அவற்றைக் கழற்றிவிட்டு 30 வாட்டில் ஓடும் பிஎல்டிசி விசிறிகள் மாட்டினால், நாளுக்கு 6 மணி நேரம், ஆண்டுக்கு 200 வேலைநாள் என்ற கணக்கில் 540 யூனிட் மிச்சம். நம் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு. ஆக ஆண்டுக்கு 380 கிலோ குறையும்.

இனி அரிசி ஆலைக்கு வருவோம். நெல் அவிக்கும் பாய்லருக்கு உமியே எரிபொருள். அந்த வகையில் ஆலைக்காரர் நம் எல்லோரையும்விடப் பசுமையானவர். சிக்கல் மோட்டாரில் இருக்கிறது. 30 குதிரைத்திறன் மோட்டார், அதாவது சுமார் 22 கிலோவாட், நாளுக்கு 8 மணி நேரம் 250 நாள் ஓடினால் 44,000 யூனிட், ஏறத்தாழ 31 டன் வாயு. மோட்டார் எரிந்தால் புதிது வாங்குவதில்லை. காயில் கட்டக் கொடுத்துவிட்டு மறுநாள் ஓட்டுவார்கள். திரும்பத் திரும்பக் காயில் கட்டிய மோட்டார் அதே வேலைக்குக் கூடுதல் மின்சாரம் இழுக்கும், சுடும், பெல்ட்டும் தளர்ந்து நழுவும். நல்ல மோட்டாரும் சரியான பெல்ட்டும் போட்டு 5 சதவீதம் மிச்சப்படுத்தினாலே 2,200 யூனிட், ஒன்றரை டன். பள்ளியில் பத்து விசிறி மாற்றியதைப் போல நான்கு மடங்கு. ஆனால் மோட்டார் மாற்றியதற்கு யார் புகைப்படம் எடுப்பார்கள்?

அதனால் பள்ளியைக் கைவிடச் சொல்லவில்லை. அங்கே செய்வதன் முறையை மாற்ற வேண்டும். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் 1990களில் ஒரு ஏற்பாடு செய்தது: மின்சாரத்திலும் வெப்பமூட்டுவதிலும் பள்ளி மிச்சப்படுத்தும் பணத்தில் பாதி பள்ளிக்கே. நம் பள்ளிகளில் தலைமையாசிரியர் விளக்கை அணைக்கச் சொல்லிப் போராடி மிச்சம் பிடித்தாலும் அந்தப் பணம் எந்தத் தலைப்பில் கரைந்தது என்று அவருக்கே தெரியாது. ஒரு கிரிக்கெட் மட்டையாவது வாங்க முடிந்தால் பிள்ளைகளே சுவிட்சைக் காவல் காப்பார்கள். பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் வரை கிடைக்கும் மானியமும் குடியிருப்புகளுக்குத்தான். பள்ளிக்கும் ஆலைக்கும் இல்லை.

உள்ளாட்சியால் முடியும் என்பதற்கு ஓடந்துறையைச் சொல்லாமல் விட முடியாது. மேட்டுப்பாளையம் அருகேயுள்ள அந்த ஊராட்சி 2006இல் 350 கிலோவாட் காற்றாலையைச் சொந்தமாக நிறுவியது. செலவு 1.55 கோடி ரூபாய். 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு, மீதி வங்கிக் கடன். தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் ஈடுகட்டியது போக மிஞ்சிய மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றார்கள். இதன் பலம், தன் பணத்தைப் போட்டு, தன் மின்கட்டணத்திலேயே பலனைக் காட்டியதுதான். பலவீனமும் உண்டு. ஊராட்சியின் கட்டணம் குறைந்ததே தவிர, ஊரிலுள்ள கடைக்கும் தொழிலுக்கும் அது நேரடியாக வழிகாட்டவில்லை.

டோக்கியோ நகர நிர்வாகம் பெரிய கட்டடங்களுக்கும் ஆலைகளுக்கும் 2010இல் கட்டாய உச்சவரம்பு விதித்தது. அதற்குமுன் 2002இலிருந்து கணக்குக் கேட்டு வாங்கிப் பழக்கியிருந்தது. முதலில் கணக்கு, பிறகு கட்டுப்பாடு என்ற இந்த வரிசை நமக்குத் தெரியாததல்ல. உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்து கி.பி. 919, 921 கல்வெட்டுகளைப் பார்க்க வருபவர்கள் குடவோலையைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போகிறார்கள். ஏரி வாரியத்திலோ தோட்ட வாரியத்திலோ இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது என்ற விதியும் அதே கல்லில்தான் இருக்கிறது. வளைவு வைத்துப் பெருமை பேசுகிற ஊர் அந்த விதியை எடுத்துக்கொண்டால் போதும்.

ஆகவே விருதுக்கு முன்னால் பில்லைக் கேளுங்கள். தொழில் உரிமம் புதுப்பிக்கும்போது ஆண்டு மின்நுகர்வு எத்தனை யூனிட் என்று விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்த்தால், எந்த மோட்டாரில் கைவைக்க வேண்டும் என்பது ஓராண்டில் தெரிந்துவிடும். ஆனால் கடைக்காரரிடம் கேட்பவர் முதலில் தன் கணக்கைக் காட்ட வேண்டும். அடுத்த வார்டு கூட்டத்துக்குப் போகிறவர்கள் எழுந்து இதைக் கேளுங்கள்: நம் பேரூராட்சியின் குடிநீர் மோட்டார்களும் தெருவிளக்குகளும் சென்ற ஆண்டு எத்தனை யூனிட் இழுத்தன, அதற்கு முந்தைய ஆண்டு எத்தனை?